ஒன்றரை மணிநேரம்

டிசம்பர் பதினெட்டு.
செயின்ட் ஜான்ஸ் துறைமுகம்
மூட்டத்துக்குள் போய் ஒளிந்துகொண்டது.
கல்லூரியின் மூன்றாம் மாடியில்
ஹீட்டர் முனகிக்கொண்டிருக்க
நான் ஒரு பருவத்தை மூடிக்கொண்டிருக்கிறேன்.

வெளியே பருவங்கள் யாரையும் கேட்பதில்லை.
ஜூனிலும் பனிப்பாறை மிதந்து வரும்.
உள்ளே அப்படியில்லை.
தொடங்கும் நாள், முடியும் நாள் என
இரண்டு கட்டங்கள்.
இரண்டாவதை நிரப்ப மறந்தால்
இலையுதிர்காலம் அடுத்த கோடை வரை இழுக்கும்.
ஒருமுறை இழுத்தது.
வெல்டிங் வகுப்பொன்று
எட்டு மாதம் முடியாமலே கிடந்தது.
யாரும் புகார் செய்யவில்லை.

நானூற்றுப் பதினாறு பாடங்கள்.
ஒவ்வொன்றையும் நகலெடுத்து,
ஜமுக்காளத்தை உதறுவதுபோல்
மாணவர்களை உதறி,
கேள்விகளை மட்டும் மடித்து
ஜனவரிக்குள் வைக்க வேண்டும்.
பதில்கள் இங்கேயே தங்கிவிடும்.
இதைத் தத்துவமாக்க எனக்கு நேரமில்லை,
இருநூற்றுப் பன்னிரண்டாவது பாடம்
பாதி நகலில் சிக்கி நிற்கிறது.

எல்லாப் பாடத்திலும் ஒருவன் உண்டு,
நான் போட்டுவைத்தவன்.
பெயர் சோதனை, குடும்பப் பெயர் மாணவர்.
பதினோரு ஆண்டாக நர்சிங்கும் படிக்கிறான்
டீசல் எஞ்சினும் படிக்கிறான்.
எனக்கிருக்கும் அவசரத்தில்
எல்லாத் தேர்விலும் முதல் விடையையே குறிப்பான்.
இருபத்தாறு சதவீதம்.
கட்டணப் பாக்கி கேட்டுக்கூட
யாரும் அவனைத் தேடியதில்லை.

இன்று மதியம் டீன் நோஸ்வர்தி எழுதினார்:
கெடு பதினொன்று ஐம்பத்தொன்பது,
ஒன்று இருபதுக்கு வந்த கட்டுரையில்
தாமதம் என்ற சிவப்புக் குறி ஏன் இல்லை?
பழுதை நீக்கவும்.

பழுது பழையது.
சர்வர் இருப்பது டொராண்டோவில்,
கெடு விழுவது அதன் கடிகாரத்தில்.
இந்தத் தீவோ
முழு மணிக் கணக்கில் உலகத்தோடு ஒத்துப்போக மறுத்து
அரைமணியை மடியில் முடிந்துவைத்திருக்கும் ஊர்.
ஐந்தரையில் பிறந்தவள் நான்,
அந்தப் பிடிவாதம் எனக்குப் புரியும்.
அங்கே நள்ளிரவு அடிக்கையில்
இங்கே ஒன்றரை.
ஷட்டர் போட்ட கடையின்
பின்கதவு மாதிரி
அறிவிக்காத ஒன்றரை மணிநேரம்.

யார் அதில் நுழைகிறார்கள் என்று
பதிவேட்டைத் திறந்தேன்.
பலருக்கு அந்தக் கதவே தெரியாது.
டார்லீன் பைக்குக்குத் தெரிந்திருக்கிறது.
செப்டம்பரில் 12:52.
பிறகு 1:07.
நவம்பர் முழுக்க 1:20க்கு மேல்.
அறிமுகப் பக்கத்தில் ஒரே வரி எழுதியிருக்கிறாள்:
முதியோர் இல்லம், மாலை ஷிப்ட், பன்னிரண்டு வரை.
படம் இருக்க வேண்டிய வட்டத்தில்
இரண்டு எழுத்துகள்.
ஒரேயொரு முறை 1:31.
அந்த வாரத்துக்கு எதிரே பூஜ்யம்.

பழுதை நீக்க ஒரு சொடுக்குப் போதும்.
நேரப் பட்டியலில்
ஹாலிஃபாக்ஸுக்குக் கீழே நம் ஊர்.
விரல் சற்றுத் தயங்கியது, பொய் சொல்வானேன்,
பசியாகவும் இருந்தது.
இரண்டு பிஸ்கட் தின்றுவிட்டு
புதிய பருவத்துக்கு மாற்றினேன்.
டீன் கேட்டது அதுதானே.

அதே பக்கத்தின் அடியில்
இத்தனை ஆண்டாக நான் தொடாத ஒரு கட்டம்:
சலுகை, நிமிடங்களில்.
உள்ளே 0.
தொண்ணூறு என்று அடித்தேன்.
எல்லாருக்கும்,
நானூற்றுப் பதினாறுக்கும்.
டீனுக்குப் பதில்:
நேரம் சரிசெய்யப்பட்டது.
அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.
கேட்டால் சொல்வேன். கேட்டால்.

மாற்றியதைச் சோதிக்காமல் வீட்டுக்குப் போவது
என் வழக்கமில்லை.
பரிசோதனைப் பாடத்தில்
இன்றைய நள்ளிரவைக் கெடுவாக வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.
டார்லீன் இன்று வந்தாளா என்று பார்க்கவில்லை.
பார்த்தால் அது வேலையாக இருக்காது.

1:28க்கு
சோதனை மாணவரை அனுப்பினேன்.
ஒரு கணம் வட்டம் சுற்றியது.
பிறகு பச்சை.
ஏற்றுக்கொள்ளப்பட்டது.

மதிப்பெண் அதே இருபத்தாறு.
முட்டாள், ஒரு தடவையாவது
இரண்டாவது விடையைக் குறித்திருக்கலாம்.